எந்தக் கோப்பை எந்தக் கிளவுடில் வைப்பது?

சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து, என் கிளவுட் டிரைவில் என்னதான் இருக்கிறது என்று மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். பாதிக்கு மேல் போட்டோக்கள். அவற்றிலும் நிறைய ஸ்கிரீன்ஷாட்டுகள், யாரோ அனுப்பிய வாழ்த்துப் படங்கள், ஒரே காட்சியை ஏழெட்டுத் தடவை எடுத்தவை. அடுத்து, பழைய லேப்டாப்பை மாற்றியபோது அப்படியே மூட்டை கட்டி ஏற்றிய ஒரு ஜிப் ஃபைல். உறவினர் ஒருவர் பகிர்ந்த கல்யாண வீடியோ. பட்டச் சான்றிதழ், அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றின் ஸ்கேன்களும் ஒரு ஃபோல்டரில். நண்பர்களோடு சேர்ந்து கணக்கெழுதிய ஒரு ஷீட். கடைசியாக, பாஸ்வேர்டுகளை எழுதி வைத்திருந்த ஒரு டெக்ஸ்ட் ஃபைல்.

இவையெல்லாம் ஒரே இடத்தில் கிடந்ததற்கு ஒரு காரணம்தான் உண்டு. கணக்குத் தொடங்கிய சமயத்தில் அங்கே இலவச இடம் தாராளமாக இருந்தது. பலரும் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மெகாவில் 20 ஜி.பி., கூகுளில் 15, மீடியாஃபயரில் 10, ஒன்டிரைவ், ஐகிளவுட், புரோட்டான் டிரைவ் மூன்றிலும் தலா 5, டிராப்பாக்ஸில் 2 என்று ஒரு வரிசை போட்டு, முதலில் நிற்பதை எடுத்துக்கொள்கிறோம். அந்த எண்களையே நம்ப முடியாது. கூகுளின் 15 ஜி.பி.யை ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்ளும். இடம் நிரம்பினால் மெயில் வருவதே நின்றுபோகும். ஐகிளவுடில் போனின் பேக்கப் மட்டுமே அந்த 5 ஜி.பி.யைத் தின்றுவிடக்கூடும்.

எண்களை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு கோப்பையும் பார்த்து இரண்டு கேள்வி கேட்டேன். இது தொலைந்தால் திரும்பக் கிடைக்குமா? இது வேறொருவர் கையில் சிக்கினால் என்ன ஆகும்? போட்டோ தொலைந்தால் போனதுதான். ஆனால் குடும்பப் படத்தை இன்னொருவர் பார்த்துவிட்டார் என்பதால் குடிமுழுகிவிடாது. அடையாள அட்டையின் ஸ்கேன் இதற்கு நேர்மாறு. தொலைந்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி ஸ்கேன் செய்துகொள்ளலாம். சிக்கக்கூடாதவர் கையில் சிக்கினால் உங்கள் பெயரில் எதையும் செய்யலாம். கல்யாண வீடியோ இரண்டிலும் சேராது, அதை அனுப்பியவரிடமே அசல் இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எந்தச் சேவை எதற்கு என்பது எனக்குத் தெளிவானது.

தொலையக்கூடாதவை

போட்டோக்களுக்குச் சேவை தேடும்போது முதலில் கேட்க வேண்டியது, போனில் அழித்தால் கிளவுடில் என்ன ஆகும் என்பதுதான். இதைக் கேட்காமல் நான் பட்டிருக்கிறேன். போனில் இடமில்லை என்று பழைய படங்களை அள்ளி அழித்தேன். மேலேதான் பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியம். மேலேயும் அழிந்துவிட்டன என்று தெரிய வந்தபோது டிராஷில் இருக்கும் அவகாசமும் தாண்டிப் போயிருந்தது. அப்பாவின் கடைசிப் பிறந்தநாள் படங்களில் ஐந்தாறு மட்டும் அக்காவின் போனில் இருந்து கிடைத்தன. அவள் அனுப்பியபோது அவையும் சுருங்கித்தான் வந்தன.

நடந்தது இதுதான். சிங்க் வேறு, பேக்கப் வேறு. சிங்க் என்றால் எல்லாக் கருவியிலும் ஒரே நிலை. ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். ஐகிளவுட் போட்டோஸ் இந்த வகை. அழித்த படம் 30 நாள் தனியாக இருக்கும், பிறகு போய்விடும். போனில் இடம் வேண்டுமென்றால் அழிக்கக்கூடாது. அசலை மேலே வைத்து, போனில் சின்னப் பிரதி மட்டும் வைத்துக்கொள்ளும் அமைப்பைத்தான் போட வேண்டும். கூகுள் போட்டோஸிலும் படத்தைத் திறந்து அழித்தால் இரண்டு இடத்திலும் போகும், டிராஷில் 60 நாள் இருக்கும். ஆனால் ஏற்கெனவே மேலே போய்ச் சேர்ந்த படங்களைப் போனிலிருந்து மட்டும் நீக்கித் தர அதில் தனியாக ஒரு வசதி உண்டு. டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் இரண்டின் கேமரா அப்லோடு இதைவிட நேரடியானது: படத்தை ஒரு தடவை நகலெடுத்து மேலே வைத்துவிடும், அதன்பின் போன் கேலரியில் என்ன செய்தாலும் அந்த நகலுக்கு ஒன்றும் ஆகாது. தேடுவதற்கும் முகம் பார்த்துப் பிரிப்பதற்கும் கூகுள் போட்டோஸ்தான் கெட்டி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கை தவறி அழித்துவிடும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், ஒருவழி நகல் எடுக்கும் சேவையையே சொல்வேன்.

கூகுளை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொஞ்சம் சுருக்கிய தரத்தில் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசம் என்று இருந்த காலம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் ஏற்றுவதெல்லாம் அந்த 15 ஜி.பி.யில்தான் கணக்காகும். ஒன்டிரைவும் முன்பு 15 கொடுத்துக்கொண்டிருந்தது, 2016-ல் 5 ஆகக் குறைத்தது. இன்று இலவசமாகத் தருவதை நம்பிப் பத்தாண்டுக்குத் திட்டம் போடக்கூடாது.

அப்புறம், எந்தச் சேவையாக இருந்தாலும் அது ஒரு பிரதிதான். தென்கொரியாவில் அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பிடம் 2025 செப்டம்பரில் டேஜான் நகரத் தரவு மையத்தில் பிடித்த தீயில் அழிந்தது. 858 டெராபைட். அளவு பெரிது என்பதால் வேறிடத்தில் பேக்கப் வைத்திருக்கவில்லை. ஓர் அரசாங்கத்துக்கே இந்த நிலை. தொலையக்கூடாத கோப்புக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறிடத்தில் என்று போட்டோக்காரர்களிடையே ஒரு பழைய விதி உண்டு. போன், கிளவுட், அலமாரியில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க் என்று வைத்தாலே அந்த விதி நிறைவேறிவிடும். ஹார்டு டிஸ்கைச் சில மாதங்களுக்கு ஒருமுறையாவது இணைத்துப் புதுப்படங்களை ஏற்ற வேண்டும். இந்தச் சோம்பலில்தான் பலரும் தோற்கிறோம்.

சிக்கக்கூடாதவை

ஸ்கேன்களுக்கும் ரகசியக் காகிதங்களுக்கும் வேறு அளவுகோல் வேண்டும். இங்கே பார்க்க வேண்டியது, சாவி யாரிடம் இருக்கிறது என்பது.

எங்கள் சேவையில் கோப்புகள் என்கிரிப்ட் செய்யப்படுகின்றன, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகின்றன என்று எல்லா நிறுவனமும் சொல்லும். பொய்யில்லை. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், வழக்கமான டிராப்பாக்ஸ் கணக்கு எல்லாவற்றிலும் கோப்பு பூட்டித்தான் இருக்கிறது. ஆனால் பூட்டின் சாவி அந்த நிறுவனத்திடம். பாஸ்வேர்டு மறந்துபோனால் அவர்கள் கணக்கைத் திறந்து கொடுக்க முடிவது அதனால்தான். அதே சாவியால் அவர்கள் உள்ளே பார்க்கவும் முடியும். 2022-ல் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. உடம்பு சரியில்லாத மகனின் படத்தை டாக்டருக்கு அனுப்புவதற்காக ஒரு தகப்பன் எடுத்தார். அது தானாக கூகுள் கணக்கில் ஏறியது. தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைகளைத் துன்புறுத்தும் படம் என்று எடுத்துக்கொண்டு கணக்கை முடக்கியது. போலீஸ் விசாரித்து அவர்மேல் குற்றமில்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. மெயில், தொடர்பு எண்கள், மகனின் முதல் சில ஆண்டுகளின் படங்கள் எல்லாம் போயின. அந்தச் சோதனை எதற்காக இருக்கிறதோ அது தேவையான காரணம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் மெயிலும் படங்களும் ஆவணங்களும் ஒரே கணக்கில் இருந்தால், ஒரு தவறான முடிவில் அத்தனையும் சேர்ந்து போகும் என்பதை மறக்கக்கூடாது.

சாவி உங்களிடமே இருக்கும் வகையில் மெகா, புரோட்டான் டிரைவ் இரண்டும் முதலில் வரும். கோப்பு உங்கள் கருவியிலேயே பூட்டப்பட்டுத்தான் வெளியே போகிறது. நிறுவனத்தாலேயே உள்ளே பார்க்க முடியாது. ஆப்பிளும் 2022 டிசம்பரில் இப்படி ஒரு பாதுகாப்பைக் கொண்டுவந்தது. ஆனால் அது தானாக இயங்காது, செட்டிங்ஸில் போய் நீங்களே இயக்க வேண்டும், எல்லா நாட்டிலும் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. இந்த வகையில் இழப்பதும் உண்டு. கோப்புக்குள் இருக்கும் சொற்களைத் தேடுவது சிரமம். எல்லாவற்றையும்விட, பாஸ்வேர்டையும் மீட்புச் சாவியையும் சேர்த்துத் தொலைத்தால் யார் காலைப் பிடித்தாலும் கோப்பு வராது. மெகா கணக்குத் தொடங்கும்போது ரெகவரி கீ என்று நீளமாக ஓர் எழுத்துத் தொடரைத் தருவது இதற்குத்தான். அதைப் பார்க்காமல் தாண்டிப் போகாதீர்கள்.

ஒன்டிரைவில் பெர்சனல் வால்ட் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இன்னொரு அடையாளச் சோதனை கேட்டுத் திறக்கும், சும்மா விட்டால் தானே பூட்டிக்கொள்ளும். போனை யாராவது எடுத்துப் பார்ப்பதைத் தடுக்க இது நல்லது. ஆனால் சாவி உங்களிடம் இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. இலவசக் கணக்கில் மூன்று கோப்புதான் வைக்கவும் முடியும்.

சேவையை மாற்ற மனமில்லாதவர்களுக்கு கிரிப்டோமேட்டர் இருக்கிறது. ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம். இருக்கிற டிரைவுக்குள்ளேயே ஒரு பெட்டகம் உண்டாக்கி, உள்ளே போடுவதை உங்கள் கணினியிலேயே பூட்டி ஏற்றும். கோப்பின் பெயர்கூட வெளியே தெரியாது. நான் கடைசியில் ஸ்கேன்களை எல்லாம் சாவி என்னிடம் இருக்கும் ஒரு சின்ன இலவசக் கணக்குக்கு மாற்றிவிட்டேன். இருநூறு பக்கம் ஸ்கேன் செய்தாலும், பக்கத்துக்கு 2 எம்.பி. என்று வைத்தால் 400 எம்.பி.தான். சிக்கக்கூடாதவைக்கு இடம் அதிகம் தேவைப்படுவதே இல்லை. பாஸ்வேர்டு டெக்ஸ்ட் ஃபைலை மட்டும் எங்கும் மாற்றவில்லை. பாஸ்வேர்டுகளை அதற்கென்று இருக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் மென்பொருளில் ஏற்றிவிட்டு, ஃபைலை அழித்து, டிராஷையும் காலி செய்தேன்.

சேர்ந்து வேலை செய்ய

பலர் ஒரே நேரத்தில் எழுதித் திருத்தும் கோப்புக்கு கூகுள் டிரைவை மிஞ்ச ஆளில்லை. எல்லாரும் வேர்டு, எக்செல் பழகியவர்கள் என்றால் ஒன்டிரைவ். இதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை. கூகுள் டாக்ஸில் எழுதியது உங்கள் கணினியில் இருக்கும் டிரைவ் ஃபோல்டரிலும் ஒரு கோப்பாகத் தெரியும். அதைப் பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போனால் உள்ளே ஒன்றும் இருக்காது. அது வெறும் சுட்டிதான், எழுத்தெல்லாம் கூகுளிடம். பேக்கப் வேண்டுமென்றால் வேர்டு கோப்பாகவோ பி.டி.எஃப். ஆகவோ டவுன்லோடு செய்ய வேண்டும், அல்லது கூகுளின் டேக்அவுட் என்ற வசதி வழியாக மொத்தமாக எடுக்க வேண்டும்.

கனமான கோப்பைத் திரும்பத் திரும்பத் திருத்துபவர்களுக்கு டிராப்பாக்ஸ் நீண்ட நாளாகவே நல்ல பெயர் எடுத்தது. கோப்பை 4 எம்.பி. துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டை மட்டும் ஏற்றும். ஒன்டிரைவும் பின்னாளில் மாறிய பகுதியை மட்டும் ஏற்றக் கற்றுக்கொண்டது. டிராப்பாக்ஸின் இடைஞ்சல் வேறு. கூகுளில் பகிரப்பட்ட கோப்பின் எடை அதன் உரிமையாளர் கணக்கில்தான் ஏறும். டிராப்பாக்ஸின் தனிநபர் கணக்குகளில் பகிர்ந்த ஃபோல்டரின் எடை அதில் சேர்ந்த ஒவ்வொருவர் கணக்கிலும் ஏறும். 2 ஜி.பி. இலவசக் கணக்கு வைத்திருப்பவரை 3 ஜி.பி. ஃபோல்டருக்குக் கூப்பிட்டால் அவரால் உள்ளே வரவே முடியாது. கூகுளின் வழி தாராளமாகத் தெரியும், ஆனால் உரிமையாளர் தன் கணக்கை மூடினால் அவர் கோப்புகளும் போகும். பொதுவேலைக்கான ஃபோல்டர் யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

கை மாற்றிவிட

ஒருவருக்கு ஒரு தடவை அனுப்பிவிட்டால் போதும் என்றால் டிரைவே தேவையில்லை. ஜிமெயில் இணைப்பு 25 எம்.பி.யோடு நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் 2 ஜி.பி. வரை போகும், படமும் சுருங்காது. அக்கா அன்று அப்படி அனுப்பியிருந்தால் எனக்கு இன்னும் தெளிவான படங்கள் கிடைத்திருக்கும். டெலிகிராமிலும் ஒரு கோப்பு 2 ஜி.பி. வரை; ஆனால் அதன் சாதாரண சாட்டுகளில் சாவி நிறுவனத்திடம்தான். வீடிரான்ஸ்ஃபர் என்ற கோப்பு அனுப்பும் தளத்தில் ஏற்றியது சில நாளில் தானாக அழிந்துவிடும். அதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் அதன் பெரிய நிறையாகத் தெரிகிறது. வாங்கவேண்டியவர் வாங்கிய பிறகு திறந்த கதவு ஒன்று மிச்சமிருக்காது.

டிரைவ் லிங்கில் அந்தக் கதவு மூடுவதே இல்லை. என் டிரைவைத் துழாவிய அன்று பழைய மெயிலில் இருந்த ஒரு லிங்கை எடுத்து, பிரைவேட் விண்டோவில், அதாவது எந்தக் கணக்கிலும் நுழையாமல், திறந்து பார்த்தேன். சான்றிதழ் ஃபோல்டர் முழுதாக விரிந்தது. ஒரு விண்ணப்பத்துக்காக நான்கு வருடத்துக்கு முன் ஒரே ஒருவருக்கு அனுப்பியது. லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்ற அமைப்பில் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அதே ஃபோல்டரில் நான் போட்ட அடையாள அட்டையும் சேர்ந்து தெரிந்தது. நெஞ்சு பகீரென்றது. நீங்களும் உங்கள் பழைய லிங்குகளில் ஒன்றை இப்படித் திறந்து பாருங்கள்.

லிங்க் எப்படியெல்லாம் கசியும் என்பதற்கு 2014 மே மாதம் டிராப்பாக்ஸ் தானே அறிவித்த ஒரு குறை நல்ல உதாரணம். பகிர்ந்த ஆவணத்துக்குள் வேறொரு தளத்தின் முகவரி இருந்து, படிப்பவர் அதைச் சொடுக்கினால், எங்கிருந்து வந்தார் என்று அவருடைய பிரவுசர் அந்தத் தளத்துக்குச் சொல்லிவிடும். அப்படிச் சொன்னதில் ரகசிய லிங்கும் போய்ச் சேர்ந்தது. அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஆனாலும் லிங்க் என்பது கைமாறக்கூடிய ஒரு சாவி. மெகாவில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அதன் லிங்கில் ஹேஷ் (#) குறிக்குப் பின்னால் வரும் பகுதியில் பூட்டின் சாவி இருக்கும். அந்தப் பகுதியை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதில்லை. சாவி இல்லாத லிங்கை மெயிலிலும், சாவியை வேறு வழியிலும் தனித்தனியாக அனுப்பலாம். ஆவணம் அனுப்ப வேண்டியிருக்கும்போது இப்போது இதைத்தான் செய்கிறேன். ஃபோல்டரை ஒருபோதும் பகிர்வதில்லை, தேவையான ஒரு கோப்பை மட்டும்.

ஊருக்கெல்லாம் கொடுக்கும் டவுன்லோடு தளங்கள் தனி வகை. அங்கே இருக்கும் ஒரே பிரதியை நம்பினால் ஆபத்து. மெகாஅப்லோடை 2012 ஜனவரி 19 அன்று பதிப்புரிமைக் குற்றச்சாட்டில் அமெரிக்க அரசு முடக்கியபோது, திருட்டுப் படங்களோடு சேர்த்துச் சொந்தக் கோப்புகளை வைத்திருந்தவர்களும் வெளியே நின்றார்கள். பள்ளி விளையாட்டுப் போட்டிகளை வீடியோ எடுத்துப் பிழைத்த ஒருவர் தன் வீடியோக்களைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். முடக்கிச் சரியாக ஓராண்டு கழித்து மெகாஅப்லோடின் நிறுவனர் தொடங்கியதுதான் இன்றைய மெகா. அவர் பிறகு விலகிவிட்டார். ஒரு காலத்தில் எல்லாரும் பயன்படுத்திய ரேபிட்ஷேர் 2015 மார்ச் 31 அன்று மூடியது. ஃபயர்ஃபாக்ஸ் சென்ட் கோப்பு அனுப்ப அருமையான சேவை, 2019-ல் வந்தது; வைரஸ் பரப்புபவர்கள் புகுந்துவிட்டதால் அடுத்த ஆண்டே நிறுத்தினார்கள்.

சொந்தமாகவே நடத்த

நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருளைப் போட்டு நீங்களே சர்வர் நடத்தலாம். யாரும் கணக்கை முடக்க முடியாது. ஆனால் அப்டேட், டிஸ்க் பழுது, பேக்கப் எல்லாம் உங்கள் தலையில். இந்த வேலை பிடித்தவர்களுக்கு மட்டும் சொல்வேன். சிங்க்திங் என்ற மென்பொருள் அதைவிட எளிது. நடுவில் சேமிப்பிடமே இல்லாமல் உங்கள் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இரண்டு கருவியும் ஒரே நேரத்தில் இயங்கினால்தான் கோப்பு போகும், அதுவும் சிங்க் என்பதால் அழித்தால் அழியும்.

எனக்கு இப்போது இருப்பது இவ்வளவுதான்: படங்களுக்கு ஒருவழி நகல் எடுக்கும் ஒரு கட்டணக் கணக்கும் ஹார்டு டிஸ்கும், ஆவணங்களுக்குச் சாவி என்னிடம் இருக்கும் சின்ன இலவசக் கணக்கு, நண்பர்களோடு எழுத கூகுள். ஒன்றே ஒன்றுதான் முடியும் என்பவர்கள், ஏற்கெனவே பழகிய டிரைவையே வைத்துக்கொண்டு கிரிப்டோமேட்டரையும் ஒரு ஹார்டு டிஸ்கையும் சேர்த்தால் போதும். மாற்ற நினைப்பவர்கள் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 100 ஜி.பி. படத்தை நொடிக்கு 20 மெகாபிட் அப்லோடு வேகத்தில் ஏற்றப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏற்றி முடித்து, வேறொரு கருவியில் நாலைந்து படத்தைத் திறந்து பார்த்த பிறகே பழைய இடத்தில் கை வையுங்கள்.

அப்புறம் திறக்காமலே விட்ட கணக்குகள். கூகுள் இரண்டாண்டு தொடாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியது. கணக்கு இப்படிச் சும்மா கிடந்தால் அதில் இருப்பதை யாருக்குக் கொடுப்பது என்று முன்பே சொல்லிவைக்கவும் கூகுளில் வசதி உண்டு. ஆப்பிளில் நமக்குப் பின் கணக்கைத் திறக்க உரிமையுள்ளவர் ஒருவரை இப்போதே குறிப்பிடலாம். சாவி நம்மிடம் மட்டும் இருக்கும் கணக்குக்கு ஒரு வழிதான். ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். நான் எழுதியதை ஹார்டு டிஸ்க் இருக்கும் அதே அலமாரியில், மேல்தட்டில் வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.